மைன்கிராஃப்ட்டில் கலர் கோடு: எந்தக் குறி, எந்த எண், எங்கே போடுவது

மைன்கிராஃப்ட் சாட்டில் ஒருவர் பெயர் மட்டும் தங்க நிறத்தில் வரும், இன்னொருவர் அடிப்பதெல்லாம் பச்சையாக வரும், நம்முடையது மட்டும் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எழுத்துக்கு முன்னால் ஒரு குறி, அதை ஒட்டி ஒரு எண் அல்லது ஓர் ஆங்கில எழுத்து, அவ்வளவுதான் கலர் கோடு. பிறகு ஏன் பாதிப் பேருக்கு இது வேலை செய்யாமல் போகிறது என்று கேட்டால், பார்த்த வீடியோ ஒரு பதிப்புக்கு, வீட்டில் இருப்பது வேறு பதிப்பு. அதனால் நிறத்துக்குப் போகும் முன் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டளைகளையும் கோடு எழுத்துகளையும் உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், விளையாட்டில் அடிக்கும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள். எண்களும் குறிகளும் இருக்கிறபடியே.

ஐபேட், ஆண்ட்ராய்டு போன், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் இதில் எதில் விளையாடினாலும் அது பெட்ராக் பதிப்பு. கம்ப்யூட்டரில் இரண்டுமே உண்டு, தொடங்கும்போது லாஞ்சரில் ஜாவா என்று இருக்கிறதா பெட்ராக் என்று இருக்கிறதா பாருங்கள். பெட்ராக்கில் § என்ற குறியை நேரடியாகப் போடலாம். சாட், பலகை, புத்தகம், பட்டறைக்கல்லில் வாளுக்கு வைக்கும் பெயர் என்று எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ளும். ஜாவாவில் இதே குறியைச் சாட்டில் போட்டால் உள்ளேயே விடாது. அங்கே பிளகின், அதாவது சர்வரில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல், போட்ட சர்வராக இருந்தால் § இடத்தில் & போட வேண்டும், பிளகின் அதை § ஆக மாற்றிக்கொள்ளும். பிளகினே இல்லாத ஜாவா உலகத்தில் & போட்டால் & என்றே வரும், எத்தனை தடவை அடித்தாலும் நிறம் வராது, அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் வருகிறேன்.

§ எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த தலைவலி. ஐபேடிலும் ஐபோனிலும் & மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு வைத்திருந்தால் குறிகள் இருக்கும் இரண்டாவது பக்கத்துக்குப் போய் ¶ மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் பலகையில் 0167, மேக்கில் ஆப்ஷன் விசையோடு 6. எண் பலகை இல்லாத மடிக்கணினி என்றால் இந்தப் பத்தியிலிருந்தே ஒரு § ஐ காப்பி செய்து நோட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சுலபம்.

சரி, நிறங்கள். மொத்தம் 16. எண்ணில் இருப்பவை பெரும்பாலும் அடர்ந்த நிறங்கள்: 0 கறுப்பு, 1 கருநீலம், 2 கரும்பச்சை, 3 பச்சை கலந்த அடர்நீலம், 4 அடர்சிவப்பு, 5 ஊதா, 6 தங்கம், 7 சாம்பல், 8 அடர்சாம்பல், 9 நீலம். ஏ முதல் எஃப் வரை இருப்பவை பளிச் நிறங்கள்: ஏ இளம்பச்சை, பி வெளிர்நீலம், சி சிவப்பு, டி இளஞ்சிவப்பு கலந்த ஊதா, இ மஞ்சள், எஃப் வெள்ளை. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒரு நாள் முழுக்க விளையாடினால் நாலைந்து தானாக மனசில் நின்றுவிடும், மற்றது எதற்கும் உதவாது என்பதும் தெரிந்துவிடும்.

நான் அக்கா பிள்ளைகளுக்காகவும் எங்கள் புளோக்கில் இருக்கும் அவர்களுடைய கூட்டாளிகளுக்காகவும் ஒரு சின்ன சர்வர் வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் அதில் எம்ஆர்டி, அதாவது எங்கள் சிங்கப்பூரின் நகர ரயில், கட்டுவதுதான் இவர்கள் வேலை. கோடுகளைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ரயில் பாதைகளின் நிறம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், தப்பாகப் போட்டால் விடமாட்டார்கள். டோபி காட் நிலையத்தில் மூன்று பாதைகள் சந்திக்கின்றன, அந்தப் பலகை பெட்ராக்கில் இப்படி:

§4வடக்கு தெற்கு
§5வடகிழக்கு
§6வட்டப் பாதை

பிளகின் உள்ள ஜாவா சர்வரில் இதே மூன்று வரி, § இருக்கும் இடத்தில் &. குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது, எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவிலும் விடத் தேவையில்லை. கிழக்கு மேற்குப் பாதைக்கு 2, டௌன்டவுன் பாதைக்கு 1 அல்லது 9. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கும் டௌன்டவுனும் சேர்வதால் அங்கே 5ம் 9ம். இதில் ஆச்சரியமாகப் பொருந்துவது 6 தான், பெயர் தங்கம் என்றாலும் திரையில் பார்த்தால் வட்டப் பாதையின் ஆரஞ்சு மஞ்சளுக்கு அப்படியே பக்கத்தில் வருகிறது.

பலகையில் எழுதும்போது மரத்தையும் பார்க்க வேண்டும். சாட்டின் பின்னணி மங்கலான கறுப்பு, அதனால் அங்கே 0ம் 1ம் போட்டால் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டும். பலகைக்கு இது தலைகீழ்: ஓக், பர்ச் மாதிரி வெளிறிய மரத்தில் 1, 4, 5 எல்லாம் நன்றாகத் தெரியும், மஞ்சளும் தங்கமும்தான் கரைந்துவிடும். சாட் எழுத்துக்கு அடியில் அதே நிறத்தின் கால் பங்கு வெளிச்சத்தில் ஒரு நிழல் விழும், பலகை எழுத்துக்கு அந்த நிழல் கிடையாது, அதனாலும் பலகையில் வெளிர்நிறம் எடுபடாது. தங்க நிறம்தான் வேண்டும் என்றால் ஒளிரும் கணவாயிடமிருந்து கிடைக்கும் குளோ இங்க் பையை எடுத்துப் பலகை மேல் போடுங்கள், எழுத்தைச் சுற்றி ஓரம் கட்டிவிடும், இருட்டிலும் தெரியும்.

பழுப்பு எங்கே?

தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அது பழுப்பு. 16 நிறங்களில் பழுப்பு கிடையாது. 6 போட்டுச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தால், "மாமா, அது ஆரஞ்சு, வட்டப் பாதை கலரு" என்று அக்காவின் சின்ன மகள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நியாயம்தான்.

இங்கேதான் ஆறு இலக்கக் கோடு வருகிறது. அந்தப் பாதையின் முதல் நிலையங்கள் உட்லண்ட்ஸ் பக்கம் 2020 ஜனவரியில் திறந்தன, ஜாவா பதிப்புக்கு ஆறு இலக்க நிறம் வந்தது அதே ஆண்டு ஜூனில் வெளியான 1.16 இல். யாரும் திட்டமிட்டதில்லை, ஆனால் எங்கள் சர்வருக்கு வசதியாகப் போயிற்று.

ஆறு இலக்கத்தில் முதல் இரண்டு சிவப்பு, நடு இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9 வரை, அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரை, ஆக 16 படிகள். 00 என்றால் அந்த ஒளி அணைந்திருக்கிறது, இரண்டு எஃப் என்றால் முழு வெளிச்சம். பெயின்ட் கலக்குகிற கணக்கு இதற்கு உதவாது, இது விளக்கு வெளிச்சத்தைக் கலப்பது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் இங்கே மஞ்சள். பழுப்பு என்பது வெளிச்சம் குறைந்த ஆரஞ்சு, அதனால் சிவப்பை நடுவில் வைத்து, பச்சையை அதில் பாதிக்குச் சற்று மேல், நீலத்தைக் கொஞ்சமாக:

&#995522தாம்சன்

எசென்ஷியல்ஸ்எக்ஸ் பிளகின் உள்ள சர்வரில் இது போதும், ரயில் வரைபடத்தில் இருக்கும் பழுப்புக்கு மிக அருகில் வரும். மினிமெசேஜ் முறையில் எழுதும் பிளகின் என்றால் கோணக்குறிக்குள்:

<#995522>தாம்சன்

இன்னும் சில பழைய பிளகின்கள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாக & கேட்கும், முதலில் & போட்டு எக்ஸ், பிறகு &9&9&5&5&2&2. பார்க்கவே கண் வலிக்கும், ஆனால் வேலை செய்யும். மூன்றில் எது என்று தெரியவில்லையா, மூன்றையும் வரிசையாக அடித்துப் பாருங்கள், நிறம் வந்தது எதுவோ அதுதான் உங்கள் சர்வர் பேசும் முறை.

பெட்ராக்கில் ஆறு இலக்கம் கிடையாது. அதற்குப் பதிலாகப் பிற்காலத்தில் விளையாட்டுப் பொருள்களின் நிறங்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், ஜி என்றால் மைன்காயின் தங்கம், கியூ மரகதம், எஸ் வைரம், யு அமெதிஸ்ட், என் செம்பு. அந்தச் செம்பைத்தான் தாம்சன் பாதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், § போட்டு என். கொஞ்சம் சிவந்த பழுப்பு, சின்ன மகளுக்குத் திருப்தி.

பிளகினும் இல்லை, ஜாவாவும்தான் என்றால் சாயத்தை எடுத்துப் பலகை மேல் தேய்த்துவிடுங்கள். 1.14 இலிருந்து சாயம் பட்டதும் எழுத்து நிறம் மாறும், சாயத்தில் பழுப்பு உண்டு, கொக்கோ விதையிலிருந்து கிடைக்கும். ஒரே குறை, பலகையின் ஒரு பக்கம் முழுக்க ஒரே நிறம்தான், டோபி காட் மாதிரி வரிக்கு ஒரு நிறம் இந்த வழியில் வராது, மூன்று பலகை வைக்க வேண்டியதுதான். முடிந்ததும் தேன்கூட்டுத் துண்டால் ஒரு மெழுகு பூசிவிடுங்கள், 1.20 க்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பலகையைத் திறந்து திருத்தலாம் என்றாகிவிட்டது, மெழுகு பூசினால் முடியாது.

தடித்த எழுத்து, அப்புறம் வரிசைப் பிரச்சினை

நிறம் தவிர எழுத்தின் தோற்றத்துக்கும் கோடுகள் உண்டு. எல் தடித்த எழுத்து, ஓ சாய்வு, கே எழுத்தைக் குலுக்கிக்கொண்டே இருக்கும், ஆர் போட்டால் எல்லாம் பழையபடி. ஜாவாவில் மட்டும் எம் குறுக்குக் கோடு, என் அடிக்கோடு. பெட்ராக்கில் எம்மும் என்னும் நிறங்களாகிவிட்டன, மேலே செம்பு வந்ததே அதுதான், ஆகவே ஜாவா வீடியோவைப் பார்த்து அடிக்கோடு போடப் போனால் எழுத்து செம்பாகிவிடும்.

வரிசை முக்கியம். ஜாவாவில் நிறக் கோடு வந்ததுமே அதற்கு முன்னால் போட்ட தடிப்பு, சாய்வு எல்லாம் ரத்தாகிவிடும். தடித்த எழுத்தில் தங்க நிறம் வேண்டும் என்றால் முதலில் &6, பிறகுதான் & போட்டு எல். மாற்றிப் போட்டால் தங்கம் வரும், தடிப்பு வராது, அரைமணி நேரம் உட்கார்ந்து பிளகினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பெட்ராக்கில் அப்படி இல்லை, நிறம் மாறினாலும் தடிப்பு தொடரும், நிறுத்த வேண்டுமானால் ஆர் போட்டே ஆக வேண்டும். நான் இரண்டிலும் நிறத்தை முதலில் போடுவதையே பழக்கமாக வைத்திருக்கிறேன், யோசிக்க வேண்டியதில்லை.

கே பற்றி ஒரு வார்த்தை. எழுத்து குலுங்கிக்கொண்டே இருப்பதால் ரகசியம் எழுத இது நல்ல வழி என்று பிள்ளைகள் நினைப்பார்கள். திரையில்தான் தெரியாது, ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் உள்ள பதிவுக் கோப்பைத் திறந்தால் எழுதியது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டை அதில் எழுதி அனுப்பிய ஆளை எனக்குத் தெரியும்.

தமிழில் எழுதும்போது

இது வேறு எங்கும் சொல்லித் தர மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தனித்தனி வார்த்தைக்கு நிறம் போடும்வரை தமிழுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு ஆரம்பிப்பது கிரேடியன்ட், ரெயின்போ மாதிரி எழுத்துக்கு எழுத்து நிறம் மாற்றும் வசதிகளில். வணக்கம் என்பதில் நம் கணக்குக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் கணக்குக்கு ஏழு, ஏனென்றால் க், ம் இரண்டிலும் புள்ளி தனிக் குறி. கிரேடியன்ட் அந்த ஏழுக்கும் ஏழு நிறம் கொடுக்கும். மெய்யெழுத்து ஒரு நிறம், அதன் தலைமேல் புள்ளி இன்னொரு நிறம், துணைக்கால் கழன்று தனியாக நிற்கும், ஒற்றைக்கொம்பு எங்கேயோ போயிருக்கும். மைன்கிராஃப்ட் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரைவதில் ஏற்கெனவே சுமார்தான், இதில் கிரேடியன்டும் சேர்ந்தால் தேவநேயன் என்ற பெயரைத் தேவநேயனாலேயே படிக்க முடியாது.

ஆகவே தமிழில் பல நிறம் வேண்டும் என்றால் கையால் போடுங்கள், முழு எழுத்துக்கு முன்னால் மட்டும். தீபாவளிக்கு எங்கள் சர்வரில் போட்டது இது:

&6தீ&4பா&5வ&2ளி &6வாழ்த்துகள்

தீ முழுதாக ஒரு நிறம், பா முழுதாக ஒரு நிறம். உயிர்மெய்யை உடைக்காத வரை எல்லாம் ஒழுங்காக வரும். வாழ்த்துகள் என்ற நீளமான வார்த்தையைப் பிரிக்காமல் ஒரே நிறத்தில் விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பிரித்தால் வாசிக்க முடியவில்லை. தடித்த எழுத்தையும் தமிழில் தவிர்த்துவிடுங்கள், மைன்கிராஃப்ட் தடிப்பு என்பது அதே எழுத்தைச் சற்றுத் தள்ளி இன்னொரு தடவை வரைவதுதான், ஆங்கிலத்துக்கு அது போதும், ண, ற, ஜ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகளில் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரு கறையாக நிற்கும்.

பெயருக்கு நிறம்

உங்கள் கணக்கின் உண்மைப் பெயருக்கு நிறம் கிடையாது. சர்வர் தன் பங்குக்கு மேலே பூசிக் காட்டுவதுதான் எல்லாம், அந்த சர்வரை விட்டு வெளியே வந்தால் பழைய வெள்ளைதான். எசென்ஷியல்ஸ்எக்ஸ் இருந்தால் நிக் கட்டளை போட்டு &6 ஒட்டிப் பெயரை எழுதலாம், ஆனால் அதற்கு சர்வர் நடத்துபவர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். சாட் நிறத்துக்கு ஓர் அனுமதி, தடிப்பு சாய்வுக்கு ஓர் அனுமதி, ஆறு இலக்கத்துக்கு ஓர் அனுமதி என்று தனித்தனியாக இருக்கும். &6 வேலை செய்கிறது, &#995522 வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றாவது அனுமதி இல்லை, உங்கள் கோட்டில் தப்பு இல்லை.

பிளகின் இல்லாத ஜாவாவில், மைன்கிராஃப்ட்காரர்களே வாடகைக்குத் தரும் ரெல்ம்ஸ் சர்வர் உட்பட, டீம் கட்டளை இருக்கிறது. டீம் ஆட் போட்டு ஒரு அணியை உண்டாக்கி, டீம் ஜாயின் போட்டு ஆளைச் சேர்த்து, டீம் மாடிஃபையில் நிறத்தைச் சொன்னால் தலைக்கு மேல், சாட்டில், ஆட்கள் பட்டியலில் என்று எல்லா இடத்திலும் பெயர் அந்த நிறத்தில் வரும். 16 நிறம் மட்டும்தான். அண்ணன் தம்பி இருவரும் தங்கம்தான் வேண்டும் என்று சண்டை போட்டால் அதற்குக் கட்டளை இல்லை.

சர்வர் நடத்துபவர்களுக்கு ஒன்று: எல்லா நிறத்தையும் எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். ஜாவாவில் யாராவது உள்ளே வந்தால் வரும் அறிவிப்பு மஞ்சள், கட்டளைப் பிழை சிவப்பு, தனிச்செய்தி சாய்ந்த சாம்பல். இந்த மூன்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்தால், சர்வர் சொல்வது மாதிரியே செய்தி போட்டு ஒருவரை ஒருவர் ஏமாற்றுவார்கள், நான் மஞ்சளையும் சிவப்பையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள், நிறத்தை மட்டும் நம்பி வழி சொல்லாமல் பாதைப் பெயரையும் எழுதுங்கள். எம்ஆர்டி நிலையங்களிலும் நிறத்தோடு எழுத்தும் எண்ணும் சேர்ந்துதான் இருக்கின்றன.

சர்வர் பட்டியலில் தெரியும் வரவேற்பு வரிக்கும் நிறம் போடலாம். ஜாவாவில் சர்வர் ப்ராப்பர்டீஸ் கோப்பில் எம்ஓடிடி என்ற வரியைத் தேடி, § இருக்க வேண்டிய இடத்தில் பின்சாய்வுக் கோடு, சின்ன யு, 00, பெரிய ஏ, 7 என்று இடைவெளி இல்லாமல் எழுதி அதை ஒட்டி நிற எண்ணைப் போடுங்கள். ஆகஸ்ட் 9 தேசிய நாளுக்கு சிவப்பும் வெள்ளையும், அதாவது சி, எஃப். மாற்றிய பிறகு சர்வரை மறுபடி தொடங்கினால்தான் தெரியும்.

மற்ற விளையாட்டுகள்

ஃப்ரீ ஃபயர், நம் ஊர் கரேனாவுடையது, அங்கே சுயவிவரத்தில் கையொப்பம் எழுதும் இடத்தில் ஆறு இலக்கத்தைச் சதுர அடைப்பில் போட வேண்டும், # தேவையில்லை: [009933] போட்டு எழுதினால் பச்சை, [990000] போட்டால் சிவப்பு. கோடும் எழுத்துக் கணக்கில் சேரும் என்பதால் நிறத்தை நிறைய மாற்றினால் சொல்ல வந்ததற்கே இடம் இருக்காது. ரோப்ளாக்ஸில் சாட்டில் கோடு போட்டுப் பயனில்லை, பெயரின் நிறத்தைப் பெயரிலிருந்தே அது கணக்குப் போட்டுக்கொள்ளும், நீங்களே ஸ்டூடியோவில் கேம் செய்தால் எழுத்துப் பெட்டியில் ரிச் டெக்ஸ்ட்டை இயக்கிவிட்டு வார்த்தைக்கு வார்த்தை நிறம் கொடுக்கலாம்.

பெயருக்குக் கலர் போட்டுத் தருகிறோம், கணக்கு விவரம் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை, பார்த்தீர்களா. பிள்ளை ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்பா அம்மா கார்டு அந்தக் கணக்கில் இருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள், என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் சிங்கப்பூரில் மோசடி பற்றிக் கேட்க ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.